எட்டாம் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்து மதங்களைப் பற்றிப் பாடம் எடுப்பது எப்படி?

உப்பங்காற்று (கேள்வி)

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 42 பேர். கத்தோலிக்கர், முஸ்லிம், இந்து மூன்று தரப்பும் ஏறக்குறைய சரிசமம். பெந்தேகோஸ்தே சபைக்குப் போகிற பிள்ளைகள் நான்கு பேர். சாமியே கிடையாது என்கிற வீடும் ஒன்று உண்டு.

வாரம் ஒரு நன்னெறிப் பாடவேளை, 40 நிமிடம். வழக்கமாகக் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் சமய வகுப்புக்கு, போய்விடுவார்கள், மற்றவர்களுக்கு நீதிக்கதை. இந்த முறை 12 வாரம் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, எந்த மதத்தையும் பரப்பாமல், மதங்களைப் பற்றிச் சொல்லித்தரலாம் என்று நிர்வாகம் சம்மதித்திருக்கிறது.

கேட்க வேண்டியவை: இதற்குச் சட்டம் இடம் தருகிறதா? எந்த மாதிரிப் பேச்சில் நடத்துவது? கோயில், பள்ளிவாசல், தேவாலயம் கூட்டிப்போகலாமா? மதிப்பெண் உண்டா? வீட்டில் என்ன சொல்லி அனுப்புவது? "எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது" என்று 12 வாரமும் ஓட்டிவிட மனமில்லை. நடைமுறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஓலைக்கட்டு

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது.

அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவில் இரண்டு இடம் உங்களுக்கு முக்கியம். 28(1): முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது. 28(3): அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிலையத்தில் யாரையும் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது, வயது வராத பிள்ளை என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். உங்கள் பள்ளி இரண்டாவது வகை.

இரண்டுமே தடுப்பது மதபோதனையை. மதங்களைப் பற்றிய படிப்பு வேறு. இந்த வேறுபாட்டை 1964-66 கோத்தாரி கல்விக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் குருநானக்கின் வாழ்க்கையையும் போதனையையும் கல்வி நோக்கில் படிப்பது மதபோதனை ஆகாது என்றது. 2002இல் அருணா ராய் வழக்கிலும் மதங்களைப் பற்றிக் கற்பிப்பது 28ஆவது பிரிவுக்கு விரோதமில்லை என்றே தீர்ப்பு. ஆகவே உங்கள் 12 வாரத்துக்குச் சம்மதக் கையெழுத்து கட்டாயமில்லை. ஆனால் தகவல் கடிதம் கொடுக்காமல் தொடங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மறைக்கல்வியை ரத்து செய்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால், முதல் வாரமே கத்தோலிக்கப் பங்கில் மனக்கசப்பு வரும். மறைக்கல்வியை வேறு நேரத்துக்கு மாற்றி, அதைச் சம்மதத்தின் பேரில் நடக்கும் தனி வகுப்பாகவே விடுங்கள். பெயரும் தனியாக இருக்கட்டும். "நன்னெறி" என்ற பெயரிலேயே இதையும் நடத்தினால் நீதிபோதனை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். "மதங்களை அறிதல்" என்று நேராகவே வைக்கலாம்.

விலகிக்கொள்ள விரும்பும் வீட்டாரிடம் காரணம் கேட்காதீர்கள். நார்வேயில் 1997இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு மதப் பாடம் கொண்டுவந்தார்கள். சில பகுதிகளிலிருந்து மட்டும் விலக்குக் கேட்கலாம், அதற்குப் பெற்றோர் விளக்கம் தர வேண்டும் என்ற ஏற்பாடு. 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 9க்கு 8 என்ற கணக்கில் அதைத் தவறென்றது. விளக்கம் சொல்லப் போனால் தன் நம்பிக்கையைப் பள்ளியில் திறந்து காட்ட வேண்டியிருக்கிறதே, அது முக்கியமான குறையாகப் பட்டது. நம் ஊரில் காரணம் கேட்டால் அது மாலைக்குள் டீக்கடைக்குப் போய்விடும்.


தோணித்துறை

டீச்சர், பாடத்திட்டத்தை விடப் பெரிய சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. பேசும் முறை சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திருப்புல்லாணியை எடுத்துக்கொள்வோம். "இராமர் இங்கே தருப்பைப் புல்லில் படுத்தார்" என்றால் அது பக்தர் வாக்கியம். "படுத்தாராம்" என்றால் கிண்டல். தமிழில் அந்த "ஆம்" ஒட்டினாலே கேட்பவருக்கு "இவங்க நம்பலை" என்று புரிந்துவிடும்; வகுப்பில் ஒருவன் சிரிப்பான், இன்னொருவன் முகம் சுருங்கும். "படுத்தார் என்று தலபுராணம் சொல்கிறது", "வைணவர்கள் அப்படி நம்புகிறார்கள்" என்பதுதான் நமக்கு வேண்டிய வாக்கியம். ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் இதே வாக்கியம்தான். ஒன்றுக்கு "நடந்தது", இன்னொன்றுக்கு "நடந்ததாம்" என்று வாய் தவறினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடிப்பார்கள்; பெரியவர்களை விட அவர்களுக்கு இதில் காது கூர்மை.

அடுத்தது "நாம்". "நாம் தீபாவளி கொண்டாடுகிறோம்" என்ற ஒரு வரியில் வகுப்பில் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். மதம் பற்றிய வாக்கியத்தில் "நாம்" வரவே கூடாது. "நீங்கள்" அதை விட மோசம்: "உங்க பெருநாள் எப்ப?" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்டால் அவன் அந்த மதத்துக்கே வக்கீலாகிவிடுகிறான். நோன்பைப் பற்றிச் சொல்ல முஸ்லிம் பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். அவனாகக் கை தூக்கினால் பேசட்டும். பேசியதும் "இது இவன் வீட்டு வழக்கம், வேறு வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம்" என்று ஒரு வரி சேருங்கள்.

மரியாதை விகுதி ஒரு தனித் தலைவலி. கண்ணன் வந்தான், இயேசு வந்தார், நபிகள் நாயகம் வந்தார்கள். தமிழ் பக்தி மரபில் "அவன்" என்பது நெருக்கம், அவமரியாதை இல்லை. ஆனால் மூன்றையும் ஒரே பாடத்தில் கேட்கிற பிள்ளைக்கு அப்படித் தோன்றாது. அந்தந்த மரபினர் சொல்கிறபடியே சொல்வது என்று முடிவெடுத்து, ஏன் அப்படி என்பதையும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். நபிகள் பெயரைச் சொன்னதும் சலவாத்து என்ற வாழ்த்தைச் சொல்கிற பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். மற்றவர்கள் சொல்ல வேண்டியதும் இல்லை.

முதல் பாடத்துக்கே ஒரு சொல் போதும்: கோயில். கரும்பலகையில் எழுதி, கேட்டதும் மனதில் வந்த படத்தை ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதட்டும். ராமநாதசுவாமி கோபுரமும் வரும், மாதா கோயிலும் வரும், கண்மாய்க்கரை முனியசாமியும் வருவார். நம் கரையில் கத்தோலிக்கருக்கும் அது கோயில்தான், பூசைதான், தேர்தான், நேர்ச்சைதான். சொல் ஒன்று, அதற்குள் நடப்பது வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான் மீதி 11 வாரமும்.

"எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது" பற்றி உங்கள் தயக்கம் சரி. அதுவும் ஒரு சமயக் கொள்கைதான். அதை ஏற்காத வீடுகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கின்றன: பெந்தேகோஸ்தே வீடு ஏற்காது, தர்கா வழக்கத்தை ஏற்காத தவ்ஹீது வீடு ஏற்காது, சாமி இல்லை என்கிற வீடும் ஏற்காது. நடுநிலை என்ற பெயரில் அதைச் சொல்லிக்கொடுத்தால் இவர்கள் எல்லாருக்கும் எதிராக ஒரு போதனை நடத்துகிறீர்கள் என்றுதான் பொருள். "எல்லா மதமும் ஒன்றே என்று சிலர் நம்புகிறார்கள்" என்று அதையும் ஒரு கருத்தாக வைத்துப் பேசலாம்.


கறுப்புமை

பள்ளியில் மதமே எதற்கு? கணக்கும் அறிவியலும் போதும். நீங்கள் என்னதான் நடுநிலை என்றாலும் மதத்துக்கு ஒரு மேடை கிடைக்கிறது.


தோணித்துறை

மேடை ஏற்கெனவே இருக்கிறது, வாட்ஸ்அப்பில். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் மதத்தைப் பற்றி வருவதை விட இங்கே சரியாகத் தெரிந்துகொள்ளட்டுமே. உங்கள் தரப்புக்கும் இடம் உண்டு, இருக்கவும் வேண்டும். கடவுள் மறுப்பையும் ஒரு வாரம் எடுக்க வேண்டும், பெரியார் முதல் பழைய உலகாயதம் வரை. அதே விதிதான்: "பகுத்தறிவாளர்கள் இப்படி வாதிடுகிறார்கள்" என்று. கடைசி வாரம் ஐந்து நிமிடம் ஒட்டுப்போட்டால் ஏமாற்று.


நெய்தல்நிலம்

பாடங்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 1960களின் கடைசியிலிருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் 1967இல் தொடங்கிய துறையிலிருந்து வந்த முறைதான் இன்றும் பலரும் பின்பற்றுவது. ஒரு மதத்தை ஏழு பக்கமாகப் பார்ப்பது: சடங்கு, கதை, கொள்கை, ஒழுக்கம், அனுபவம், அமைப்பு, பொருள்கள். நல்ல முறை, ஆனால் ஆசிரியர் தான் தயாரிக்கும்போது சரிபார்க்க வைத்துக்கொள்ள வேண்டிய முறை. பிள்ளைகளிடம் கட்டம் போட்ட தாளாகக் கொடுத்தால் கெட்டது.

ஏனென்றால் அட்டவணை தானாகவே "நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம், பண்டிகை" என்று சுருங்கிவிடும். முனியசாமிக்கு நிறுவனர் யார்? குலதெய்வத்துக்குப் புனித நூல் எது? அந்த வீட்டுப் பிள்ளை கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, நம்முடையது ஏதோ குறைச்சல் என்று நினைத்துக்கொள்வான். கட்டத்தின் வடிவம் கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் வைத்து வெட்டியது. மற்றது எல்லாம் அதில் பிதுங்கும்.

அதனால் மதம் மதமாகப் போகாமல் பொருள் பொருளாகப் போங்கள். நம் கரைக்குச் சரியாக வருகிற நான்கைந்து சொல்கிறேன்.

மாலை. ஜெபமாலை ஒன்று, முஸ்லிம்கள் துதி எண்ணும் தஸ்பீஹ் ஒன்று, உருத்திராட்ச மாலை ஒன்று. ஆறேழு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து மணியை எண்ணச் சொல்லுங்கள். ஜெபமாலையில் 59: அருள்நிறைந்த மரியே 53, பரலோக மந்திரம் 6. தஸ்பீஹில் 99 அல்லது 33. உருத்திராட்சத்தில் 108, முடிச்சில் தனியாக ஒன்று. எண்ணிய பிறகுதான் "ஏன் இந்த எண்?" என்ற கேள்வி. பத்துப் பத்தாகப் பிரிந்த மாலையில் இயேசு, மரியாள் வாழ்வின் நிகழ்ச்சிகளைத் தியானிக்கிறார்கள். 33, 33, 33 என்று ஓதுகிறவர்கள் மூன்று துதிகளைச் சொல்கிறார்கள். பிறகு மாலையே தொடாதவர்கள்: பெந்தேகோஸ்தே சபையார் மாலை வைப்பதில்லை, முஸ்லிம்களில் விரலில் எண்ணுவதே சரி என்பவர்கள் உண்டு. "ஒரு மதத்துக்குள்ளேயே வேறுபாடு" என்ற பெரிய பாடம் இந்தச் சின்னப் பொருளில் வந்துவிடும். 40 நிமிடம் சரியாக இருக்கும். தவறுகிற இடம்: ஓதிக் காட்டச் சொல்வது. எண்ணலாம், பார்க்கலாம், கேட்கலாம், செய்துகாட்டக் கூடாது. உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) செய்துகாட்டு, பூசை வைத்துக் காட்டு என்று நடிக்க வைத்தால் பாடம் வழிபாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது, அல்லது கேலிக்குள்.

பிறை. இதற்கு இரண்டு வாரம் கொடுங்கள், மீனவப் பிள்ளைகள் உங்களுக்கே சொல்லிக்கொடுப்பார்கள். அமாவாசைக்கு இரண்டாம் நாளிலிருந்து 14 நாள், தினமும் சூரியன் மறைந்ததும் நிலவைப் பார்த்து நோட்டில் வட்டம் போட்டு வரையட்டும். தேய்பிறையில் தொடங்காதீர்கள், நிலவு நாளுக்கு நாள் பிந்தி எழும், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் வடகிழக்குப் பருவமழை மேகத்தில் பாதி நாள் வெறும் வட்டம்தான். தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம்.

வகுப்பில் கணக்கு: பிறை மாதம் 29 அல்லது 30 நாள், 12 மாதத்துக்கு 354 அல்லது 355. சூரிய ஆண்டு 365. எனவே ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் ஒரு சுற்று வரும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவும் ஹிஜ்ரி மாதக் கணக்கு என்பதால் அதுவும் நகரும். ஆடி அமாவாசை நிலவைப் பார்த்தாலும் சூரிய மாதத்துக்குள் கட்டுப்பட்டிருப்பதால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான் ஊசலாடும். உயிர்ப்பு ஞாயிறு, மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நிற்கும். தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பருக்கு நிலவோடு சம்பந்தமே இல்லை, ஜூலை 25 அவர் நாள். இதைப் பலகையில் போட்டதும் பிள்ளைகளே கேட்பார்கள்: ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்குப் பெருநாள் ஏன் வேறு வேறு நாளில் வந்தது? பிறையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பவர்களும் கணக்கு போதும் என்பவர்களும் உண்டு என்று சொல்லி நிறுத்துங்கள். யார் சரி என்று தீர்ப்பு சொல்ல நாம் காஜி இல்லை.

சந்தனம். உத்தரகோசமங்கை மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பு களைந்து தரிசனம். ஏர்வாடியில் சந்தனக்கூடு ஊர்வலமாக வந்து அடக்கத்தலத்தில் சந்தனம் பூசுவார்கள். ஒரே மணம், இரண்டு இடம். அங்கே பூசுவது இறைவனின் திருமேனிக்கு, இங்கே இறைநேசர் என்று மதிக்கப்படுகிறவரின் அடக்கத்தலத்துக்கு. "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்" என்று ஒருவன் சொல்வான். அங்கே பொறுமையாக நில்லுங்கள். தர்காவுக்குப் போகிற முஸ்லிமே "நாங்கள் வணங்குவது அல்லாஹ்வை மட்டும்" என்பார், தர்கா வழக்கமே கூடாது என்கிற முஸ்லிமும் இருக்கிறார். இரண்டு குரலும் வகுப்பில் கேட்க வேண்டும்.

ஓரியூரும் சேதுவும். இதைப் பத்தாவது வாரத்துக்கு முன்னால் தொடாதீர்கள், சூடு அதிகம். கத்தோலிக்கக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார், இராமநாதபுரத்தில் ஆட்சியில் இருந்தவர் கிழவன் சேதுபதி. இதை "இந்து ராஜா கிறிஸ்தவரைக் கொன்றார்" என்று ஒரு வரியில் முடித்தால் வகுப்பு இரண்டாகும். முழுச் செய்தியைக் கொடுங்கள்: மறவர் தலைவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுக்காரர். குடும்பச் சண்டையும் அரண்மனை அரசியலும் அதில் கலந்திருந்தன. அதே சேதுபதிக்கு நெருக்கமானவராகத்தான் கீழக்கரை வள்ளல் சீதக்காதி பேசப்படுகிறார். மன்னருக்கு ஒரு முகம் மட்டும் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

பிறகு மண். அவர் இரத்தத்தால் அந்த மண் சிவந்தது என்பது பக்தர் மரபு. கிறிஸ்தவர் மட்டுமல்ல, பிறரும் எடுத்துப் போகிறார்கள். செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு என்பது அறிவியல் பாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், ஒன்றால் மற்றதை அடிக்க வேண்டாம். ஆனால் ஓரியூருக்கு இரும்பு ஆக்சைடு சொன்னவர் தனுஷ்கோடிக்குப் போனதும் வாயை மூடிக்கொள்ளக் கூடாது. அங்கேயும் அதே அளவுகோல்: இராமர் வானரங்களை வைத்துக் கட்டிய சேது என்பது ஒரு மரபு, ஆதம் நடந்து வந்த வழி என்ற மரபில் ஆதம் பாலம் என்ற பெயர், மணல்திட்டும் சுண்ணாம்புப் பாறையும் என்பது நிலவியல். ஆதமின் மக்களான ஆபில், காபில் அடக்கம் என்று சொல்லப்படும் தர்கா இராமேஸ்வரத்திலேயே இருக்கிறது, அதுவும் இந்தப் பாடத்தில் சேரும். அளவுகோல் ஒன்றாக இருந்தால் எந்த வீட்டிலிருந்தும் புகார் வந்தாலும் நின்று பதில் சொல்லலாம்.

அப்துல் கலாமின் சிறுவயது நட்புகளைச் சொல்லும் பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே எல்லாரும் அதில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.


உப்பங்காற்று

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். நேரில் கூட்டிப்போவது பற்றி யாரும் சொல்லவில்லை. "நீங்க எந்த மதம் டீச்சர்?", "எது உண்மையான சாமி?" என்று கேட்டால் என்ன சொல்வது?


வலைஞர்வாசல்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். நம் ஊரில் ஆசிரியர் எந்த மதம் என்று பெயரே சொல்லிவிடும். மறைக்கப் பார்த்தால் அதுவே நாடகம். "எங்க வீட்டு வழக்கம் இது. ஆனா இந்த மணிக்கு நான் எந்த வீட்டுக்கும் ஆள் இல்லை" என்று ஒரு தடவை சொன்னால் போதும். எது உண்மை என்ற கேள்விக்கு: "இதற்கு ஒவ்வொரு மரபும் ஒவ்வொரு பதில் சொல்கிறது, பதிலே இல்லை என்பவர்களும் உண்டு. யார் என்ன சொல்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும். எது சரி என்று வீட்டிலும் பேசு, நீயும் யோசி." மழுப்பல் போலத் தோன்றும், ஆனால் நேர்மையான பதில் அதுதான்.

கேள்விப்பெட்டி ஒன்று வையுங்கள், பிஸ்கட் டப்பா போதும். வாரக் கடைசியில் சீட்டுகளை நீங்கள் மட்டும் படித்து மூன்றாகப் பிரியுங்கள். தகவல் கேள்வி என்றால் அடுத்த வகுப்பில் பதில். நம்பிக்கைக் கேள்வி என்றால் இரண்டு மூன்று மரபின் பதில். ஒரு பிள்ளையையோ வீட்டையோ குறி வைக்கும் சீட்டு என்றால் வகுப்பில் வாசிக்காதீர்கள். ஆனால் கிழித்துப் போட்டும் விடாதீர்கள், யாரோ ஒருவன் சீண்டப்படுகிறான் என்பதற்கு அது சாட்சி.

கூட்டிப்போவது. 42 பேரை ஒரே நாளில் மூன்று இடத்துக்கு இழுத்துப்போனால் சுற்றுலாதான் மிஞ்சும். ஒரு நாளைக்கு ஓர் இடம், 21 பேர் கொண்ட இரண்டு பிரிவு, பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், உள்ளே 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வழிபாட்டு நேரத்தில் போகாதீர்கள்: வெள்ளி நண்பகல், ஞாயிறு காலை, அமாவாசை நாள் மூன்றும் தள்ளுபடி.

முன்னால் ஒரு தடவை தனியாகப் போய் நிர்வாகியிடம் மூன்று விஷயம் பேசி வையுங்கள். ஒன்று, பிற மதத்துப் பிள்ளைகள் எதுவரை வரலாம். பல கோயில்களில் கொடிமரத்தைத் தாண்டிப் பிற மதத்தவர் போகக் கூடாது என்று பலகை இருக்கிறது. வகுப்பில் பாதி உள்ளே போய்ப் பாதி வெளியே நின்றால் அன்று கற்றது அது ஒன்றாகத்தான் இருக்கும். யாருக்கு எல்லை குறுகலோ அந்த எல்லையோடு மொத்த வகுப்பும் நிற்கட்டும். இரண்டு, பெண்பிள்ளைகள் எதுவரை. பள்ளிவாசலில் இதை முன்கூட்டிக் கேட்டே ஆக வேண்டும். மூன்று, திருநீறு, தீர்த்தம், பாத்திஹா ஓதிய சர்க்கரை எதையும் கையில் நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது. அன்பால்தான் கொடுப்பார்கள், ஆனால் வாங்கினால் ஒரு வீட்டில் சண்டை, மறுத்தால் அங்கே வருத்தம். பிள்ளைகளுக்கும் ஒரு வாக்கியம் பழக்குங்கள்: "நாங்க பார்க்க வந்திருக்கோம்யா, நன்றி."

உள்ளே வர விரும்பாதவர்கள் காரணம் சொல்லாமல் வெளியே இருக்கலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக முந்தின நாளே அறிவியுங்கள். வெளியே நிற்பவர்களுக்கும் வேலை இருக்க வேண்டும்: முகப்பை வரைவது, எழுத்துகளைப் படியெடுப்பது. மாதவிடாய் நாள் என்பதால் தயங்கும் பிள்ளையும், சபைக் கட்டுப்பாட்டால் தயங்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் யாரும் கேள்வி கேட்காமல் உட்காரலாம். துணைக்கு ஓர் ஆசிரியர் அங்கேயும் வேண்டும்.

இடத் தேர்வில் என் கட்சி கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குத்தான். கல்தூண்களும் போதிகைகளும் கோயில் மண்டபம் மாதிரியே இருக்கும். "கோயில் தூணில் இருப்பது இங்கே எது இல்லை?" என்று ஒரே கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள். உருவங்கள் இல்லை, பூவும் கொடியும்தான் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். உருவ வழிபாடு பற்றிய கொள்கைப் பாடம் கல்லிலிருந்தே வந்துவிடும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணம் (நவகிரகக் கற்கள்) நல்ல இடம், ஆனால் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் துக்கத்தோடு நிற்பார்கள். கேமராவைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏர்வாடிக்கு எட்டாம் வகுப்பைக் கூட்டிப்போக வேண்டாம். மனநலம் வேண்டி வந்து தங்கியிருப்பவர்கள் நம் பிள்ளைகளுக்குக் காட்சிப்பொருள் ஆகக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 தீவிபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததைப் பற்றிக் கேட்பார்கள்; நடந்ததைச் சொல்லுங்கள், நோய்க்கு மருத்துவம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். தர்காவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். தீப்பிடித்தது அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில்.

வரையச் சொல்லும் வேலையில் ஒரு கவனம்: நபிகளை வரையும்படி ஆகிவிடாமல் பாருங்கள். "ஒரு மதத் தலைவரின் படம் வரைக" என்று பொதுவாகக் கேள்வி போட்டால் யாரோ ஒரு பிள்ளை நல்லெண்ணத்தில் வரைந்துவிடும். கட்டடம், எழுத்து, பொருள் இவை போதும்.


ஓலைக்கட்டு

மதிப்பெண் பற்றி. நம்பிக்கைக்கு மதிப்பெண் கிடையாது, அறிவுக்கு உண்டு. "இராமேஸ்வரத்தின் புனிதத்தை விளக்குக" என்பது கெட்ட கேள்வி; எழுதுகிறவன் பக்தனாக நடிக்க வேண்டும். "அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் நீராடுபவர்கள் எதற்காக நீராடுகிறார்கள்? இந்து மரபினர் எல்லாரும் அதைச் செய்கிறார்களா?" என்பது நல்ல கேள்வி. பத்து மதிப்பெண் என்றால் நான்கு சரியான விவரத்துக்கு, இரண்டு அந்த மரபின் சொற்களைச் சரியாகக் கையாண்டதற்கு, இரண்டு உள்வேறுபாட்டைச் சொன்னதற்கு, இரண்டு தன் கருத்துக்குக் காரணம் சொன்னதற்கு. கருத்து எதுவாக இருந்தாலும் காரணம் இருந்தால் முழு மதிப்பெண்.

வீட்டுக் கடிதத்துக்கு ஒரு மாதிரி: "எட்டாம் வகுப்பில் 12 வாரம், நம் பகுதியில் உள்ள மதங்களையும் கடவுள் மறுப்புக் கருத்துகளையும் பற்றிப் பாடம் நடைபெறும். எந்த வழிபாடும் பிரார்த்தனையும் நடத்தப்படாது. எந்த நம்பிக்கையையும் ஏற்கவோ விடவோ சொல்லப்படாது. பாடக்குறிப்புகளைப் பள்ளியில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கலந்துகொள்ள வேண்டாம் என நினைத்தால் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், காரணம் தேவையில்லை." இதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தைக் கடலுக்குப் போகாத நாளில் வையுங்கள், இல்லையென்றால் அப்பாக்கள் வர மாட்டார்கள். ஜமாஅத், பங்குத்தந்தை, சபைப் போதகர், கிராமக் கமிட்டி எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே கட்டு நகல் போகட்டும். ஒருவருக்கு முதலில் காட்டினால் மற்றவருக்குக் கோபம். அவரவர் மதம் பற்றிய பக்கத்தில் பிழை சொன்னால் திருத்துங்கள். அடுத்தவர் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னால் முடியாது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.


உப்பங்காற்று

முதல் வாரம் "கோயில்" சொல், இரண்டாவது வாரம் மாலை, அதன்பின் பிறை என்று போட்டிருக்கிறேன். ஓரியூர், சேது பத்தாவதும் பதினொன்றாவதும். கடவுள் மறுப்பை ஐந்தாவது வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாலைகளைப் பிள்ளைகளின் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லலாமா?


வலைஞர்வாசல்

வேண்டாம் டீச்சர். வீட்டு ஜெபமாலை மந்திரித்ததாக இருக்கும், வேளாங்கண்ணியில் வாங்கியதாகவோ பாட்டி வைத்திருந்ததாகவோ இருக்கும். எண்ணும்போது நூல் அறுந்தால் பதில் சொல்ல முடியாது. மூன்றையும் கடையில் புதிதாக வாங்கி, மந்திரிக்காமல் வகுப்புச் சாமானாகவே வைத்துக்கொள்ளுங்கள். உருத்திராட்சத்துக்குப் பிளாஸ்டிக் மணி போதும். ஆனால் அது பிளாஸ்டிக் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாடம் முழுக்க அசலா போலியா என்பதிலேயே போய்விடும்.